பக்கக்காத்தும் கார்பன் சக்கரமும்

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணா, உங்க 80 எம்எம் வீல்செட் சும்மாதானே கிடக்கு, எனக்குக் குடுத்துடுங்களேன். சொல்ற காசு தந்துடறேன்"னு. காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிற பையன். எடை 50 கிலோ தேறினா அதிசயம். ஞாயித்துக்கிழமை காலையில எங்களோட பல்லடம் பக்கம் சைக்கிள் மிதிக்க வருவான். மேட்டுல எங்களை எல்லாம் விட்டுட்டுப் போய் டீக்கடையில உக்காந்து சிரிக்கிற ரகம்.

எனக்கு அந்தக் காசு இப்போ தேவைதான். பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். இருந்தாலும் வாய் வரைக்கும் வந்த "சரி"யை முழுங்கிட்டு, "ரெண்டு நாள் டைம் குடு தம்பி"ன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு அவனுக்கு விளக்கணும்னா, சக்கரத்தோட 40 வருஷக் கதையைச் சொல்லணும். போன்ல அதெல்லாம் முடியுமா? அதான் இங்கே எழுதறேன். படிக்கிற நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கணும், பதிவு நீளம்!

முதல்ல என் கதை. சீக்கிரம் முடிச்சுடறேன்.

அந்தச் சக்கரங்களை வெளிநாடு கிளம்பிப் போன ஒருத்தர்கிட்ட பாதி விலைக்கு வாங்கினேன். கறுப்புக் கார்பன், ரெண்டு ரிம்மும் 80 மி.மீ. ஆழம். அதாவது டயருக்குக் கீழே இருந்து மூணு விரல்கடைக்கு மேல ரிம்மே நிக்கும், அதுக்கப்புறம்தான் போக்ஸ் கம்பி ஆரம்பிக்கும். வேகமாப் போகும்போது "வூம்... வூம்..."னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம். வாங்கினது மார்கழியில. ஆடி எப்படி இருக்கும்னு அப்போ யாரு நினைச்சுப் பார்த்தா?

கோவை, திருப்பூர் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காடு பக்கம் மட்டும் ஒரு பெரிய இடைவெளி. ஜூன் ஆரம்பிச்சா தென்மேற்குப் பருவக்காத்து மொத்தமும் அந்த வாசல் வழியா உள்ளே வரும். கேத்தனூர், பூளவாடி, உடுமலைன்னு அந்தப் பக்கம் முழுக்கக் காத்தாடி நட்டு வெச்சிருக்காங்கன்னா சும்மாவா? 2022 ஜூலையில ஒருநாள் பல்லடத்துல இருந்து உடுமலை ரோட்டுல தெற்கே போயிட்டு இருந்தேன். காத்து வலது பக்கத்துல இருந்து. நானும் வலது பக்கமா சாஞ்சு, காத்து மேல தோள் கொடுத்து ஓட்டிட்டு இருந்தேன். எதிர்ல ஒரு டிப்பர் லாரி. அது என்னைத் தாண்டற நேரம் காத்தை மறைச்சுது. சாய்மானம் காணாமப் போனதும் நான் லாரி பக்கமே போனேன். பதறி இடப்பக்கம் இழுக்கறேன், லாரி போயிடுச்சு, காத்து மறுபடி மொத்தமா வந்து முன் சக்கரத்துல விழுந்துச்சு. ஹேண்டில்பார் என் கையை விட்டே திரும்பிடுச்சுங்க. வேலிகாத்தான் புதருக்குள்ள கிடந்தேன், காலர் எலும்பு ரெண்டா உடைஞ்சு. புதர் இடப்பக்கம் இருந்தது. லாரி வலப்பக்கம் இருந்தது. அந்த ரெண்டு விநாடி முன்னப் பின்ன ஆகியிருந்தா இந்தப் பதிவை எழுத ஆள் இல்லை.

கட்டுப் போட்டுக்கிட்டு ஒன்றரை மாசம் வீட்டுல கிடந்தப்போதான் "இந்தச் சக்கரத்தை எவன் கண்டுபிடிச்சான், ஏன் கண்டுபிடிச்சான்"னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். சரி, கதைக்கு வருவோம்.

1984 ஜனவரி. மெக்சிகோ சிட்டி. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேர சாதனைக்கு வந்திருக்கார். ஒரு மணி நேரத்துல ஓடுதளத்துல எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான் போட்டி. அதுக்கு முன்னாடி பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972-ல் அதே ஊரில் வைத்த 49.431 கி.மீ. 11 வருஷத்துக்கும் மேல அசையாம இருந்தது. மோசர் 19-ந் தேதி 50.808, நாலு நாள் கழிச்சு 23-ந் தேதி 51.151. அவர் சைக்கிள் போட்டோ பார்த்தீங்கன்னா ரெண்டு சக்கரத்துலயும் கம்பியே தெரியாது. தட்டு மாதிரி மூடின டிஸ்க் சக்கரம்.

எதுக்கு மூடணும்? சைக்கிள் 40 கி.மீ. வேகத்துல போகுதுன்னு வைங்க. தரையைத் தொடற இடத்துல டயரோட வேகம் பூஜ்யம், உச்சியில 80 கி.மீ.! சக்கரத்தோட மேல்பாதியில இருக்கிற கம்பிகள், நாம போற வேகத்தை விட அதிக வேகத்துல காற்றைக் கடையுது. மோர் கடையற மத்து மாதிரி. அந்தக் கடைசலுக்கு நம்ம கால்தான் பலம் தரணும். மூடிட்டா கடைசல் இல்லை.

அதே வருஷம் ஜிரோ தி இத்தாலியா பந்தயத்தோட கடைசி நாள், வெரோனாவுல தனியாள் நேரப் போட்டி. பிரான்சின் லோராங் பின்யோன் மொத்தத்துல 1 நிமிஷம் 21 விநாடி முன்னாடி இருந்தார். மோசர் டிஸ்க் சக்கரத்தோட வந்து அந்த ஒரே நாள்ல 2 நிமிஷம் 24 விநாடி பிடிச்சு ஜெயிச்சுட்டார். டிவி ஹெலிகாப்டர் தாழப் பறந்து எனக்கு எதிர்க்காத்து அடிச்சுதுன்னு பின்யோன் புலம்பினார். (பாவம் மனுஷன். 5 வருஷம் கழிச்சு 1989 டூர் தி பிரான்ஸ்ல வெறும் 8 விநாடியில கிரெக் லெமாண்ட்கிட்ட தோத்தவரும் இவரேதான். அன்னைக்கு எதிராளி கையில ஏரோ ஹேண்டில்பார். காற்றுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.)

அந்த 1984-லயே அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல, சைக்கிள் கடை வெச்சிருந்த ஸ்டீவ் ஹெட் என்ற ஒருத்தர், துணைவி ஆன்னோட சேர்ந்து டிஸ்க் சக்கரம் செய்ய ஆரம்பிச்சார். பெரிய இன்ஜினியரிங் பட்டம் எல்லாம் கிடையாது. கையால செஞ்சு பார்த்து, ஓட்டிப் பார்த்து, விண்ட் டனல்ல வெச்சுப் பார்த்துக் கத்துக்கிட்ட மனுஷன். 2014 நவம்பர்ல இறந்துபோனார். இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான், காரணம் பின்னாடி வருது.

டிஸ்க் சக்கரத்துல ஒரே ஒரு சிக்கல். உள்ளரங்கத்துல சுத்தறவங்களுக்குக் கவலை இல்லை. ரோட்டுல காத்து நேரா மட்டும் வருமா? பக்கத்துல இருந்து வந்தா அந்தத் தட்டு அப்படியே பாய்மரம் ஆயிடும். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மி.மீ. ஆழ ரிம்மும் டயரும் சேர்ந்து பக்கவாட்டுல காத்துக்குக் காட்டற பரப்பு சுமார் 1 சதுர அடி. என்னோட 80 மி.மீ. சக்கரம் சுமார் 2 சதுர அடி. முழுத்தட்டு கிட்டத்தட்ட 4. பின் சக்கரம்னா பரவாயில்லை, அது திரும்பாது. நம்ம எடையும் அது மேல அதிகம். முன் சக்கரம்தான் வம்பு. திரும்பறதுக்குன்னே செஞ்ச சக்கரம் இல்லையா அது!

அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமரசம் தேடினாங்க. கம்பியும் வேணும், மூடினதோட பலனும் வேணும். 1990 வாக்கில் டூபாண்ட் நிறுவனமும் ஸ்பெஷலைஸ்டும் சேர்ந்து மூணே மூணு அகலமான கைகள் வெச்ச சக்கரம் கொண்டு வந்தாங்க. (பின்னாடி அதை ஹெட் கம்பெனியே தயாரிச்சது.) இன்னொரு வழி, கம்பியை அப்படியே வெச்சுட்டு ரிம்மை மட்டும் ஆழமாக்கறது. அலுமினியத்துல பண்ணினா கனம். கார்பன்ல பண்ணினா எவ்வளவு ஆழமும் போகலாம், என்ன வடிவமும் கொடுக்கலாம்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். இத்தாலியின் காம்பன்யோலோ கம்பெனி தன் சக்கரங்களுக்கு வெச்ச பேர் எல்லாம் காத்தோட பேர். ஷமால்னா ஈராக், பாரசீக வளைகுடாப் பக்கம் வடமேற்குல இருந்து அடிக்கிற புழுதிக்காத்து. வளைகுடாவுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும். ஸிரோக்கோ சஹாராவுல இருந்து கிளம்பி மத்தியதரைக்கடலைத் தாண்டற காத்து. ஸோண்டா அர்ஜென்டினாவுல ஆண்டீஸ் மலையிறங்கி வர்ற வெக்கை. கிப்லி லிபியாவோடது, அந்தப் பேர்ல வந்தது முழுத்தட்டு டிஸ்க். 1994-ல் வந்த ஆழமான கார்பன் சக்கரத்துக்கு போரான்னு பேர். போரான்னா இத்தாலியின் திரியெஸ்தே ஊர்ல அடிக்கிற பேய்க்காத்து. நடந்து போறவங்க பிடிச்சுக்கிறதுக்குத் தெருவோரம் கயிறு கட்டின ஊர் அது. ஆளைத் தூக்கற காத்தோட பேரை, அந்தக் காத்துல ஆளைத் தூக்கற சக்கரத்துக்கே வெச்சிருக்காங்க. குசும்பா, நேர்மையா, தெரியலை :-)

சரி, காற்று பக்கத்துல இருந்து வந்தா கெடுதல் மட்டும்தானான்னு கேட்டா, இல்லைங்கறதுதான் வேடிக்கை. நீங்க மணிக்கு 36 கி.மீ.ல போறீங்க, நேர் பக்கவாட்டுல 18 கி.மீ. காற்று. ரெண்டும் கலந்து உங்க மேல படற காற்று, நேரா இல்லாம 27 டிகிரி அளவுக்குக் கோணலா வரும். வேகமாப் போகப் போக இந்தக் கோணம் குறையும், மெதுவாப் போறவனுக்குக் கோணம் கூடும். (என்னை மாதிரி ஆளுக்குத்தான் பக்கக்காத்து அதிகம்னு அர்த்தம். ஏழைக்குத்தான் வட்டி அதிகம்கிற மாதிரி.) அளவான கோணத்துல வந்தா ஆழமான ரிம் விமான இறக்கை மாதிரி வேலை செய்யும். காற்று ரிம்மை ஒட்டியே வழுக்கிப் போய், முன்னோக்கி லேசா ஒரு உந்தல் கூடக் கிடைக்கும். பாய்மரப் படகு காத்துக்கு எதிர்ச்சாய்வா முன்னேறுதே, அதே சூட்சுமம். ஆனா கோணம் ஒரு அளவைத் தாண்டினா காற்று ரிம்மை விட்டுப் பிய்ச்சுக்கிட்டுப் போயிடும். விமானம் மூக்கை ரொம்பத் தூக்கினா தொப்புனு இறங்குமே, அது மாதிரி. அந்த நொடியில பக்கவாட்டு விசை சட்டுனு மாறும். கைக்குத் தெரியறது ஒரு வெட்டு.

அந்தக் காலத்து ஆழ ரிம் எல்லாம் "V" வடிவம். டயர் பக்கம் அகலம், கம்பி பக்கம் கத்தி மாதிரி கூர். கூரா இருந்தா காற்றைக் கிழிக்கும்னு நாமளும் நினைப்போம், அவங்களும் நினைச்சாங்க. ஒரு விஷயத்தை மறந்துட்டாங்க. சக்கரம் வட்டம்! முன் பாதியில காற்று முதல்ல டயர்ல பட்டு, ரிம் வழியா உள்ளே போகுது. பின் பாதிக்கு வந்தா, காற்று முதல்ல படறது அந்தக் கூரான உள் விளிம்புல, டயர் கடைசி. அதாவது பின் பாதியில ரிம் தலைகீழா நிக்குது. கூர்மையான முகத்துல காற்று கோணலா வந்து பட்டா உடனே பிய்ஞ்சுடும்.

இதைப் பிடிச்சவர்தான் நம்ம ஸ்டீவ் ஹெட். ராபர்ட் ஹாக் என்பவரோடு சேர்ந்து அவர் வாங்கின காப்புரிமை 1991-ல் வந்தது. ரிம்மோட நடுப்பகுதி டயரை விட அகலம், ரெண்டு முனையும் முட்டை மாதிரி உருண்டை. காற்று எந்தப் பக்கம் இருந்து நுழைஞ்சாலும் அதுக்கு ஒரு நல்ல முகம் காட்டணும், அவ்வளவுதான் யோசனை. சொன்னா சாதாரணமா இருக்கு. ஆனா சக்கரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்த அத்தனை பேர்ல, பின் பாதியும் ஒரு சக்கரம்தான்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கே!

அப்புறம் ஆழப் பைத்தியம் பிடிச்சது. 1988-ல் இண்டியானாபொலிஸ்ல ஆரம்பிச்ச ஸிப் கம்பெனி 404-ன்னு 58 மி.மீ., 808-ன்னு 82 மி.மீ., கடைசியில 1080-ன்னு 108 மி.மீ. ரிம்மே விட்டாங்க. நம்ம ஊர்ல 108-ன்னா என்ன வண்டி வரும்னு அவங்களுக்குத் தெரியாது போல.

இந்தப் பைத்தியத்துக்கு நடுவுல ஒரே ஒரு இடம் மட்டும் ஆரம்பத்துலயே உஷாரா இருந்தது. ஹவாய் தீவோட கோனா. அயர்ன்மேன் ட்ரையத்லான் 1978-ல் ஓஹு தீவுல ஆரம்பிச்சு, 1981-ல் இந்தப் பெரிய தீவுக்கு மாறினது. கடல்ல நீந்தி வந்ததும் 180 கி.மீ. சைக்கிள். ரெண்டு பக்கமும் கருகின எரிமலைக் குழம்புப் பாறை, மரம் மட்டை எதுவும் கிடையாது. ஹாவி ஊர்ப் பக்கம் போகப் போக, மலைகளுக்கு இடையில இருந்து இறங்கற முமுகுன்னு ஒரு காத்து பக்கவாட்டுல வந்து மோதும். வேற ஊர் அயர்ன்மேன் பந்தயத்துல பின் சக்கரத்துக்கு டிஸ்க் போடலாம். கோனாவுல பின் சக்கரத்துக்கும் கூடாது. உலகத்துலேயே நல்லா ஓட்டறவங்க வர்ற பந்தயத்துக்கே இந்த விதி. படிச்சப்போ கட்டுப் போட்ட தோளைப் பார்த்துக்கிட்டேன். முமுகுக்கும் நம்ம கேத்தனூருக்கும் பெரிய வித்தியாசம் இல்லைங்க, ரெண்டுமே மலை இடுக்குல பிதுங்கி வர்ற காத்துதான்.

2010-ல தான் கதை திரும்புது. அதுவரைக்கும் எல்லா கம்பெனியும் "எங்க சக்கரத்துக்குக் காற்றுத் தடை இவ்வளவு குறைவு"ன்னு ஒரே கணக்கைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. ஸிப் கம்பெனியில ஜோஷ் போர்ட்னர் தலைமையில இருந்த ஆளுங்க வேற ஒரு கேள்வி கேட்டாங்க. பக்கக்காத்துல ஹேண்டில்பாரைத் திருப்பற விசை எவ்வளவு?

இதுக்குக் கதவை நினைச்சுக்குங்க. கதவைக் கீல் பக்கத்துல கை வெச்சுத் தள்ளினா அசையாது. ஓரத்துல ஒரு விரலால தள்ளினாலே திறக்கும். முன் சக்கரமும் ஒரு கதவுதான். ஹேண்டில்பார்ல இருந்து ஃபோர்க் வழியா இறங்கற அச்சுதான் கீல். சக்கரத்தோட பெரும்பகுதி அந்தக் கீலுக்கு முன்னாடி நிக்குது, கொஞ்சம் பின்னாடி. காற்றோட தள்ளல் மொத்தமும் எந்தப் புள்ளியில விழுதுங்கறதுதான் விஷயம். பழைய "V" ரிம்ல பின் பாதியில காற்று பிய்ஞ்சு போறதால அங்கே தள்ளலே சரியா இருக்காது. எல்லாத் தள்ளலும் முன் பாதியில. கதவோட ஓரத்துல கை வெச்ச மாதிரி. ஹேண்டில் படார்னு திரும்பும்.

அவங்க 2010 கடைசியில கொண்டு வந்த ஃபயர்கிரெஸ்ட் ரிம்மோட உள் விளிம்பு, கூரே இல்லாம மொழுக்குனு இருந்தது. அகலமும் அதிகம். பின் பாதிக்கும் நல்ல முகம் கிடைச்சதால அங்கேயும் காற்று ஒட்டி ஓடி, அங்கேயும் தள்ளும். கீலுக்கு முன்னாடி ஒரு தள்ளல், பின்னாடி ஒரு தள்ளல், ஒண்ணை ஒண்ணு கிட்டத்தட்ட ஈடு கட்டிடும். சைக்கிள் மொத்தமா ஒரு பக்கம் நகரும், ஆனா ஹேண்டில் வெட்டாது. நகர்றதைச் சமாளிச்சுடலாங்க. வெட்டினாத்தான் புதர். ஒரே ஆழம், ஒரே பரப்பு, வடிவம் மட்டும் வேற!

என்னோட சக்கரத்தை அன்னைக்குத்தான் ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன். கம்பி பக்கம் கத்தி. அசல் "V".

அடுத்த வருஷம், 2011-ல, ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்துல காற்று வேலை பார்த்த சைமன் ஸ்மார்ட்டோட சேர்ந்து என்வி கம்பெனி இன்னொரு படி போனது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஏன் ஒண்ணா இருக்கணும்? முன்னாடி 35, பின்னாடி 45. இல்லைன்னா 60-க்கு 70, 85-க்கு 95. முன்னது குட்டை, அகலம். பின்னது உயரம், ஒல்லி. இப்போ நினைச்சா மாட்டு வண்டிக்கே தெரியற விஷயம் மாதிரி இருக்கு. ஆனா அதுவரைக்கும் எல்லாரும் ஜோடிப் பொருத்தம் பார்த்துத்தான் சக்கரம் வித்தாங்க.

திமிங்கலக் கதையையும் சொல்லிடறேன். ஃப்ராங்க் ஃபிஷ்னு ஒரு உயிரியல் பேராசிரியர் (மீனைப் பத்திப் படிக்கிறவருக்குப் பேரைப் பாருங்க!). பாஸ்டன்ல ஒரு கடையில கூன்முதுகுத் திமிங்கலச் சிலை ஒண்ணைப் பார்க்கிறார். துடுப்போட முன் விளிம்புல குமிழ் குமிழா மேடு. "முன் விளிம்பு வழவழன்னு இல்ல இருக்கணும், சிற்பி தப்பாச் செஞ்சுட்டான்"னு நினைச்சார். விசாரிச்சா நிஜத் திமிங்கலத்துக்கே அப்படித்தான். 2004-ல் அவரும் கூட்டாளிகளும் விண்ட் டனல்ல சோதிச்சதுல, மேடு இருக்கிற துடுப்புல காற்று பிய்ஞ்சு போற கோணம் சுமார் 40 சதவீதம் தள்ளிப் போனது. 2016-ல ஸிப் விட்ட 454 சக்கரத்தோட உள் விளிம்பு வட்டமா இருக்காது. 53-க்கும் 58 மி.மீ.க்கும் நடுவுல ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். காற்று ஒரே பெரிய கட்டியா பிரியாம சின்னச் சின்னச் சுழலா அடிக்கடி பிரியட்டும், கைக்கு வெட்டு தெரியாதுன்னு கணக்கு. விலையைக் கேட்டா நமக்கு வேற மாதிரி மூச்சுத் திணறும், அது தனிக்கதை.

இவ்வளவு அறிவியலும் வந்தப்புறம் யாரும் விழலையான்னா, அதுதான் இல்லை. 2015 மார்ச் 29, பெல்ஜியத்துல கெண்ட்-வெவெல்கெம் பந்தயம். அன்னைக்குப் புயல் மாதிரிக் காத்து. கெரைண்ட் தாமஸை அப்படியே சைக்கிளோட ரோட்டோரப் பள்ளத்துல தூக்கிப் போட்டது. கெர்ட் ஸ்டீக்மன்ஸ் கால்வாய்க்குள்ள போனார். கடைசி வரைக்கும் வந்து சேர்ந்தது 39 பேர். லூக்கா பவோலினி ஜெயிச்சார். தாமஸ் எழுந்து வந்து மூணாவது இடம் பிடிச்சார், அது வேற ரகம் மனுஷன்.

2019 ஜூன் 12 இன்னும் மோசம். நாலு தடவை டூர் தி பிரான்ஸ் ஜெயிச்ச கிறிஸ் ஃப்ரூம், பிரான்சின் ரோவான் ஊர்ல நேரப் போட்டிக்கு முன்னாடி பாதையைப் பார்த்துட்டு இருக்கார். போட்டி கூட இல்லை, வெறும் ஒத்திகை. இறக்கத்துல மூக்கைச் சிந்தறதுக்காக ஒரு கையை ஹேண்டில்ல இருந்து எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காத்து வந்து முன் சக்கரத்தைப் பிடிச்சது. மணிக்கு 50 கி.மீ.க்கு மேல போய்ச் சுவத்துல மோதினார். தொடை எலும்பு, இடுப்பு, முழங்கை, விலா எல்லாம் முறிவு. திரும்பி வந்து வருஷக்கணக்கா ஓட்டினார். அஞ்சாவது டூர் மட்டும் வரவே இல்லை. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓட்டின கை! அந்தக் கை ஒரு விநாடி இல்லாம போனதுக்கு இவ்வளவு.

2025 ஜூன்ல உலக சைக்கிள் சங்கமான யூசிஐ ஒரு விதி அறிவிச்சது. கூட்டமா ஓட்டற ரோடு பந்தயத்துல 2026 ஜனவரி 1 முதல் ரிம் ஆழம் 65 மி.மீ.க்கு மேல கூடாது. புதுமையைத் தடுக்கறாங்கன்னு கம்பெனிக்காரங்க முணுமுணுப்பு ஒரு பக்கம். எனக்கென்னவோ இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்னு படுது. ஒருத்தன் விழுந்தா அவன் மட்டும் போறதில்லையே, பின்னாடி வர்ற 20 பேரும் சேர்ந்துதானே போறாங்க.

இப்போ தம்பி கேட்ட விஷயத்துக்கு வர்றேன். ஆழமான கார்பன் வாங்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு, புதர்ல விழுந்த அனுபவஸ்தன் சொல்றது: ஆழத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கம்பி பக்கத்து விளிம்பைப் பாருங்க. கட்டைவிரலை வெச்சுத் தடவினா மொழுக்குனு இருக்கணும். நல்ல வடிவத்து 50, பழைய வடிவத்து 40-ஐ விட சாதுவா இருக்கும். முன் சக்கரத்தை உங்க ஊர்க் காத்தையும் உங்க எடையையும் பார்த்து முடிவு பண்ணுங்க. காத்துக்கு ஆள் ஒல்லியா குண்டான்னு பாகுபாடு தெரியாது, தள்ளறதை ஒரே மாதிரிதான் தள்ளும். 80 கிலோ ஆளுக்கு அது தட்டல், 50 கிலோ ஆளுக்கு அது உதை. பின் சக்கரத்துக்கு எவ்வளவு ஆழமும் போட்டுக்குங்க. டயரை விட ரிம் கொஞ்சம் அகலமா இருக்கணும். 105 சதவீதமாவது வேணும்னு போர்ட்னர் பேர்லயே ஒரு விதி இருக்கு. 23 டயருக்குன்னு செஞ்ச பழைய ரிம்ல 28 டயரை மாட்டினா, வாங்கின பலன் எல்லாம் டயர் பிதுக்கத்துலயே போயிடும். அப்புறம், தொளதொள டீஷர்ட் படபடன்னு அடிக்க அடிக்க ஓட்டிக்கிட்டு, சக்கரத்துக்கு மட்டும் லட்சம் செலவு பண்றது... வேண்டாம், நானே அதைத்தான் பண்ணினேன். இறுக்கமான சட்டையை முதல்ல வாங்குங்க.

காத்து நாள்ல ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீங்க. முழங்கையை லேசா மடக்கி, தளர்வா விடுங்க. லாரி எதிர்ல வந்தா "காத்து நிக்கப் போகுது, அப்புறம் மறுபடி வரப் போகுது"ன்னு மனசுல சொல்லிக்குங்க. நிலையா அடிக்கிற காத்து எவ்வளவு பலமா இருந்தாலும் பழகிடும். விட்டு விட்டு அடிக்கிறதுதான் ஆளைக் கொல்றது.

நான் இப்போ ஓட்டறது முன்னாடி 35, பின்னாடி அதே பழைய 80. பார்க்க ஒட்டாத ஜோடி. எங்க குரூப்புல "கல்யாணம் ஆகி ஒத்துப்போகாத சக்கரம்"னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும். போன ஆடியில அதே ரோட்டுல, அதே கேத்தனூர்க் காத்துல போயிட்டு வந்தேன். பயம் இருந்தது, ஆனா ஹேண்டில் என் கையில இருந்தது.

நேத்து தம்பி வீட்டுக்கே வந்துட்டான். மேலே எழுதினதை எல்லாம் கதவைத் திறந்து மூடிக் காட்டி, முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாக் கேட்டான். கடைசியில, "அதெல்லாம் சரிங்கண்ணா, முன் சக்கரத்தையும் சேர்த்துக் குடுத்தீங்கன்னா பார்க்க நல்லா இருக்கும்"னான். அவங்க அம்மா நம்பர் என்கிட்ட இருக்குன்னு ஞாபகப்படுத்தினேன். கம்முனு ஆயிட்டான். பின் சக்கரத்தை மட்டும் கழட்டிக் கொடுத்தேன். பாதிக் காசு வாங்கிக்கிட்டேன். எனக்கு ஒரு 50 பார்த்துக்கலாம், அவசரமில்லை.

முன் சக்கரம் மாடிப்படிக்குக் கீழே ஆணியில தொங்குது. இன்னைக்குக் காலையில பழைய இரும்புக்காரர் வந்தார். எடுத்துக் காட்டினேன். சுண்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார். "இது இரும்பும் இல்லைங்க, அலுமினியமும் இல்லைங்க, எடையும் நிக்காதுங்க சார்"னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டார்.